பதினோராம் பக்கத்து இத்தாலியர்

பத்திரிகை மேசைக்குப் புதிதாக வந்திருப்பவர்களிடம் பிழை விடாதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை. விடுவீர்கள். நானும் விட்டேன், எனக்கு மேலே இருந்தவர்களும் விட்டார்கள். நான் சொல்ல நினைப்பது, பிழை அச்சாகிக் கட்டுக் கட்டாக வாசலில் வந்து இறங்கிய பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றி. அதற்கு என்னிடம் ஒரு இத்தாலிய ஓவியர் இருக்கிறார்.

இரண்டாயிரங்களின் முதற்பாதி. மனோர் பார்க்கில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் எங்கள் வாரப் பத்திரிகை நடந்துகொண்டிருந்தது. நான் செய்தி ஆசிரியர். வியாழன் காலை அச்சகத்திலிருந்து கட்டுகள் வரும். வெள்ளி பின்னேரத்துக்குள் எங்கள் வான் வண்டி கொண்டுபோய்ச் சேர்க்க, செவன் கிங்ஸிலிருந்து ரெய்னர்ஸ் லேன் வரை தமிழ்க் கடை வாசல்களில், வெங்காயச் சாக்குகளுக்குப் பக்கத்தில், இலவசமாக அடுக்கப்பட்டிருக்கும். முதற்பக்கத்தில் சமாதானப் பேச்சு இருக்கும். நான் ஆறு நாள் அதற்காகத்தான் உழைப்பேன். வாசகர் பத்திரிகையைக் கையில் எடுத்ததும் பின்னாலிருந்து திறப்பார். பின்பக்கங்களில்தான் மரண அறிவித்தல்கள்.

அறிவித்தல்களுக்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் புதன் நண்பகலோடு கதவு மூடப்படும். சாவுக்கு மட்டும் மூடப்படாது. ஆகவே பக்கங்களை முடிக்கும்போது கறுப்புக் கரை போட்ட சில பெட்டிகளை வெறுமையாக விட்டுவைப்போம். நான் பக்கத்தைப் பார்த்துச் சரி சொன்ன பிறகும், வெறும் பெட்டி இருந்தால் பக்க அமைப்பாளர் யாரையும் கேட்காமல் அதை நிரப்பலாம். செத்தவரைத் திருத்த ஆசிரியருக்கு அதிகாரம் இல்லை. வழக்கம் நல்ல வழக்கம்தான். பல வருடம் ஒரு குறையும் வரவில்லை.

அந்த நாட்களில்தான் நகரத்தின் நடுவிலுள்ள ஒரு பெரிய ஓவியக் கூடம் லண்டனில் தமிழர்கள் இருப்பதைக் கண்டுபிடித்தது. போருக்குப் பிந்திய இத்தாலிய ஓவியர் ஒருவருக்குக் கண்காட்சி வைக்கிறார்கள். அதைப் 'பல்வேறு சமூகங்களுக்கும் எட்டச்செய்ய' விரும்புகிறார்கள். ஒரு முழுப்பக்க விளம்பரமும், கட்டுரைக்கு ஒரு படமும் தருவார்கள் என்று மின்னஞ்சல் வந்தது.

எங்கள் முதலாளி அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

"ஐசே, எங்களை எட்டப் போறாங்களாம்."

"எட்டட்டும்," என்றேன்.

படத்தோடு நிபந்தனைகளும் வந்தன. வெட்டக் கூடாது. சரிக்கக் கூடாது. மேலே ஓர் எழுத்தும் விழக் கூடாது.

அந்த ஓவியர் கடற்கரையூர்க்காரர். போருக்குப் போய், சிறைப்பட்டு, திரும்பி வந்து வரையத் தொடங்கியவர். கையில் கிடைத்தது படகுக்குப் பூசுகிற தாரும் வீட்டுக்கு அடிக்கிற சுண்ணாம்பும் பழைய பாய்மரத் துணியும். அவற்றைக் கொண்டு முப்பது வருடம் ஏறக்குறைய ஒரே படத்தையே செய்துகொண்டிருந்தார். நடுவில் வெள்ளை, சுற்றிவரக் கறுப்பு. எல்லாவற்றுக்கும் 'பெயரிடப்படாதது' என்றே பெயர். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் ஒருநாளும் பதில் சொன்னதில்லையாம். அவர் சொல்லாததைச் சொல்வதற்கென்று பிறகு நிறையப் புத்தகங்கள் வந்தன.

கட்டுரையை ராகவன் எழுதினார். சென்னைக்காரர், ரெய்னர்ஸ் லேனில் வீடு, நகரத்தில் வங்கி வேலை. கலை பற்றி எங்களுக்கு எழுதக்கூடிய ஒரே ஆள். தலைப்பு 'இங்கே எவருமில்லை'. "இந்த வெறுமைக்குள் எவரையும் தேடாதீர்கள். எவரும் இல்லை என்பதே ஓவியர் நமக்கு விட்டுச்சென்ற செய்தி" என்று தொடங்கினார். பின்பு ஒன்பது பந்திகளில் அந்தச் செய்தியை விளக்கினார். ஐந்தை நான் வெட்டினேன். புதன் நண்பகல் பதினோராம் பக்கத்துக்குச் சரி சொல்லிவிட்டு, சமாதானப் பேச்சுக்குத் திரும்பினேன்.

வியாழன் காலை கட்டைப் பிரித்துப் பதினோராம் பக்கத்தைத் திறந்தேன். 'இங்கே எவருமில்லை' என்ற தலைப்பின் கீழே, அரைப்பக்கத்தில், மீசையும் கழுத்துப்பட்டியுமாக ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரு. கணபதிப்பிள்ளை சிவஞானம். வேலணையைப் பிறப்பிடமாகவும், ஜெர்மனியை வதிவிடமாகவும், செவன் கிங்ஸைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்டவர். அன்னார் இன்னாரின் அன்பு மகனும், காலஞ்சென்ற இன்னாரின் அன்புக் கணவரும், ரஞ்சினியின் பாசமிகு தந்தையும் ஆவார். பார்வையும் கிரியையும் தகனமும் ஞாயிற்றுக்கிழமை. அதற்கும் கீழே, சிறிய எழுத்தில், நாங்கள் ஓவியத்துக்கு எழுதிய குறிப்பு: 'பெயரிடப்படாதது. பாய்மரத் துணிமேல் தார், சுண்ணாம்பு.'

பக்க அமைப்பாளர் தேவன் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார். பாரிஸிலும் இதே வேலை செய்துவிட்டு வந்தவர். வேலை சுத்தமான ஆள்.

"தேவன், பதினோராம் பக்கம்."

"ஓம் அண்ணை. வடிவா வந்திருக்கு, என்ன?"

"அந்தப் பெட்டி எங்கால வந்தது?"

"அது பக்கத்தில கிடந்தது. மற்றப் பெட்டியெல்லாம் நிரம்பிப் போச்சு. கடைசியா ஒராள் வந்தவர். இது சும்மா கிடக்குதெண்டு போட்டுவிட்டன்."

"அதுதான் ஓவியம்."

தேவன் தேநீரை வைத்துவிட்டு வந்து பக்கத்தைக் குனிந்து பார்த்தார்.

"எது?"

"அந்தப் பெட்டி."

"பகிடி விடாதேங்கோ அண்ணை. கரையெல்லாம் கோணலாக் கிடந்தது. நான்தான் நேராக்கினனான்."

அதற்குள் முதலாளி மேலே வந்துவிட்டார். பக்கத்தைப் பார்த்தார். அதிலிருந்த சிவஞானம் அவர்களையும் பார்த்தார். நிபந்தனைகள் ஞாபகம் வந்திருக்க வேண்டும்; முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"வானை நிப்பாட்டு! ஒரு கட்டும் வெளியில போகக் கூடாது. திங்கட்கிழமை திருப்பி அடிப்பம்."

"திங்கட்கிழமை அவரை எரிச்சு முடிஞ்சிடும்," என்றேன்.

"ஆரை?"

"படத்தில இருக்கிறவரை."

"ஐசே, செத்தவர் வழக்குப் போடமாட்டார். ஓவியக் கூடம் போடும்."

அந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். முதலாளி சொன்னது பொய்யில்லை. ஓவியக் கூடம் பெரிய இடம். சட்டத்தரணிகள் உள்ள இடம். பிழை நடந்ததும் எங்கள் மூளை தானாகவே எண்ணத் தொடங்குவது யார் பெரிதாகக் கத்துவார்கள் என்பதைத்தான். கத்துகிறவருக்கு முதலில் ஓடுவோம். அதை நிறுத்திவிட்டு வேறொன்றைக் கேட்க வேண்டும்: இந்தப் பிழையால் திரும்பப் பெற முடியாத ஒன்றை இழக்கப்போவது யார்? ஓவியம் சுவரில் பத்திரமாகத் தொங்குகிறது. அடுத்த வாரமும் தொங்கும். சிவஞானம் அவர்களுக்கு அடுத்த வாரம் இல்லை.

நான் முதலில் செவன் கிங்ஸுக்குத்தான் தொலைபேசி எடுத்தேன். மகள் ரஞ்சினி எடுத்தார். நடந்ததை அப்படியே சொன்னேன். உங்கள் அப்பாவின் அறிவித்தல் தவறான பக்கத்தில், ஒரு இத்தாலியரின் ஓவியத்துக்குள் விழுந்துவிட்டது.

"பேர் சரியோ?"

"சரி."

"நேரம், இடம்?"

"எல்லாம் சரி. ஆனா மேல ஒரு தலைப்பு இருக்கு. அது உங்கட அறிவித்தலுக்கு உரியதில்லை. பாத்தா மனம் நோகும். 'இங்கே எவருமில்லை' எண்டு கிடக்கு."

யாரோ பின்னால் பாத்திரம் கழுவுகிற ஒலி கேட்டது.

"அது உண்மைதானே அண்ணை," என்றார். "அவருக்கு இங்க எவருமில்லை. இருபது வருசம் ஜெர்மனியில இருந்திட்டு, மாரி தொடங்கேக்கைதான் என்னட்டை வந்தவர். வெளியில இறங்கினதே இல்லை. நானும் இவரும் பிள்ளையளும் மட்டும் நிண்டு அவரை அனுப்பிறதோ எண்டுதான் உங்கட பேப்பருக்கு வந்தனான். வேலணை ஆக்கள் ஒரு நாலு பேராவது பாத்திட்டு வந்தா காணும்."

"வானொலிக்குக் குடுத்தனீங்களோ?"

"குடுத்தனான். அது காத்தோட போயிடும். பேப்பர் கடையில கிடக்குமெல்லோ. விடுங்கோ அண்ணை, போகட்டும்."

நான் தொலைபேசியை வைத்துவிட்டு முதலாளியிடம் சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் தலையில் வைத்தார். "ஓவியக் கூடத்துக்கு என்ன சொல்லுவாய்?"

"நானே போய்ச் சொல்லுறன். அவங்கள் பாக்க முதல்."

இதையும் குறித்துக்கொள்ளுங்கள். கெட்ட செய்தியைத் தபாலில் போக விடாதீர்கள், நீங்களே கொண்டுபோங்கள். முதலாளி, தான் ஒன்றும் பார்க்கவில்லை என்ற முறையில் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் நிறுவனத்தில் அது சம்மதம். வான் புறப்பட்டது.

ஓவியக் கூடத்தில் கண்காட்சி திறக்க இன்னும் சில நாட்கள் இருந்தன. செய்தித் தொடர்பாளரான ஆங்கிலப் பெண் என்னை நேரே உள்ளே கூட்டிப்போனார். முதன்முறையாக உண்மையான ஓவியத்தை அங்கேதான் பார்த்தேன். எங்கள் அலுவலகக் கதவைவிடப் பெரியது. வெள்ளை என்று நினைத்தது வெள்ளையில்லை. பழைய வீட்டுச் சுவர் மாதிரி மஞ்சள் ஏறி வெடித்திருந்தது. கறுப்புக் கரை இடது பக்கம் தடித்து, வலது பக்கம் மெலிந்து, கீழே ஓரிடத்தில் வழுக்கி நின்றது. தாருக்குள் ஒரு தூரிகை மயிர் ஒட்டிக்கிடந்தது. தேவன் நேராக்கியதற்கு அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்தை விரித்துக் காட்டினேன். தொடர்பாளரின் வாய் திறந்தபடி நின்றது. கண்காட்சியை அமைத்த நிபுணர் வந்தார். கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. அவர் பக்கத்தைக் கையில் வாங்கி, எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, மெல்லச் சொன்னார்:

"இது அற்புதமான தலையீடு. ஐரோப்பாவின் வெறுமையை உங்கள் சமூகம் தன் முகத்தால் நிரப்பியிருக்கிறது. எப்படி இந்த எண்ணம் வந்தது?"

"எண்ணம் வரவில்லை. பெட்டி காலியாக இருந்தது."

அதை அவர் எழுதிக்கொண்டார்.

அவர் மேலும் போனார். இந்தப் பக்கத்தைக் கண்ணாடிப் பேழையில் வைத்து ஓவியத்துக்குப் பக்கத்தில் காட்டலாம் என்றார். நான் ஓம் என்று தலையாட்டியிருந்தால் போதும். வழக்கு இல்லை, முதலாளிக்குப் புகழ், தேவன் ஒரு கலைஞர். நெருக்கடியில் மிக ஆபத்தான ஆள் உங்களைத் திட்டுகிறவர் அல்ல. உங்கள் பிழைக்கு ஒரு நல்ல பெயர் வைத்துத் தருகிறவர். அவரை நம்பினால் அடுத்த வாரமும் அதே பிழையை விடுவீர்கள், இந்த முறை வேண்டுமென்றே.

"இது பிழை," என்றேன். "கண்ணாடிப் பேழைக்கு உரியதல்ல. இவர் உண்மையாகவே இறந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தகனம்."

நிபுணரின் பேனா நின்றது. தொடர்பாளருக்கு உயிர் வந்தது. பிழை என்றால் அவருக்கு வழி தெரியும். அடுத்த வாரம் ஓவியத்தை நிபந்தனைப்படி, அதே அளவில், திருத்தக் குறிப்போடு திரும்பப் போட வேண்டும் என்றார். சம்மதித்தேன்.

மூலையில் ஒரு வாங்கில் அறுபது வயதளவில் ஒரு பெண் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். ஓவியரின் மகள், படங்கள் சரியாகத் தொங்குகின்றனவா என்று பார்க்க இத்தாலியிலிருந்து வந்தவர். அவர் கைநீட்டிப் பக்கத்தை வாங்கினார்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

வாசித்து ஆங்கிலத்தில் சொன்னேன். பிறந்த ஊர், இருந்த ஊர், யாருடைய மகன், யாருடைய தந்தை, பார்வைக்கு எப்போது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார், தெரிந்த பாட்டைக் கேட்கிறவர் போல.

"எங்கள் ஊரிலும் இப்படித்தான்," என்றார். "சுவரில் ஒட்டுவார்கள். கோயிலுக்குப் பக்கத்துச் சுவரில். தெரிந்தவரோ தெரியாதவரோ, நின்று வாசித்துவிட்டுத்தான் போவோம். என் அப்பாவால் ஒன்றைக்கூடத் தாண்டிப் போக முடியாது."

பிறகு எங்கள் பக்கத்துக் கரையை விரலால் தடவினார். "இதை நேராக்கியது யார்?"

"எங்கள் பக்க அமைப்பாளர்."

"அப்பாவுக்கும் நேராகக் கோடு போடத் தெரியும். எங்கள் ஊர் அச்சகத்தில்தான் கரை எப்போதும் கோணலாக விழும்."

நிபுணர் இரண்டடி முன்னால் வந்தார். "அப்படியானால் இந்த ஓவியங்கள் எல்லாம்…?"

"அப்பா ஒன்றும் சொன்னதில்லை," என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தை மடித்தார். "இதை நான் வைத்துக்கொள்ளலாமா?"

கொடுத்துவிட்டு வந்தேன். ராகவனுக்கு இதைச் சொல்லவில்லை, எழுதவுமில்லை. ஒரே சாட்சி ஓவியரின் மகள், அவரும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. அது செய்தியில்லை. அவர் பேசியது எதுவோ அதை மட்டும் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

ராகவன் வெள்ளிக்கிழமை தொலைபேசி எடுத்தார். ரெய்னர்ஸ் லேனில் பத்திரிகையைப் பார்த்துவிட்டுக் கடை வாசலில் நின்றே பேசினார்.

"சார், என் கட்டுரைக்குள்ள யாரோ செத்துட்டாரு சார்!"

"ஓம், தெரியும்."

"என்ன சார் இவ்வளவு சாதாரணமா சொல்றீங்க? எவருமே இல்லைன்னு நாலு பாரா எழுதியிருக்கேன். மேல ஒருத்தர் டை கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. கடைக்காரர் என்கிட்ட துக்கம் விசாரிக்கிறாரு. கட்டுரைக்குக் கீழ என் பேர் இருக்கா, சொந்தக்காரன்னு நெனச்சுட்டாரு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"என்ன சொல்றது? நல்லபடியா போனாருன்னு சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை நான் தகனசாலைக்குப் போனேன். கடமை என்று யாரும் சொல்லவில்லை. நான்கு பேராவது வந்தார்களா என்று பார்க்க வேண்டியிருந்தது. வாகனம் நிறுத்த இடமில்லை. வேறு யாருடையதோ பெரிய சாவு என்று நினைத்தேன். மண்டபத்துக்குள் கால்வைக்க முடியவில்லை. பின்சுவர் ஓரமாக ஆட்கள் நின்றார்கள்.

காரணம் எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. எங்கள் பத்திரிகையில் சாதாரண ஆட்கள் ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேராக இறப்பார்கள். கடை முதலாளிமார் கால்பக்கத்தில் இறப்பார்கள். அரைப்பக்கத்தில், தனியாக, அந்தத் தடித்த கறுப்புக் கரையோடு, கீழே நாலு பந்திக் கட்டுரையோடு அதுவரை ஒருவரும் இறக்கவில்லை. லண்டன் முழுக்க வெங்காயச் சாக்குகளுக்குப் பக்கத்தில் நின்று சனம் ஒரே முடிவுக்கு வந்திருந்தது: இவர் ஆரோ மிகப் பெரிய ஆள், எங்களுக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.

தெரியாது என்று காட்டிக்கொள்ள ஒருவரும் தயாரில்லை. சங்கத் தலைவர்கள் மாலைகளோடு வந்திருந்தார்கள். ஒருவர், அன்னாரின் மறைவு ஈடுசெய்ய முடியாத வெறுமை என்றார். அந்தச் சொல் ராகவனின் கட்டுரையிலிருந்து வந்தது. இன்னொருவர், அன்னாரோடு சிறுவயதில் வேலணையில் ஓடித்திரிந்ததை நினைவுகூர்ந்தார். அவர் பருத்தித்துறைக்காரர் என்பது எனக்குத் தெரியும். கூட்டங்களில் மைக்கைப் பிடித்தால் விடாத ஒருவர், தன் முறை வருமுன் என்னிடம் வந்து காதுக்குள் கேட்டார்:

"ஐசே, இவர் என்ன துறை?"

"நவீன ஓவியம்," என்றேன். அன்று எனக்கும் பொறுமை முடிந்திருந்தது. அவர் அதைப் பத்து நிமிடம் பேசினார்.

நான் வந்திருப்பதை யாரோ சொல்லியிருக்க வேண்டும்; ரஞ்சினி முன்வரிசையிலிருந்து எழுந்து என்னிடம் வந்தார்.

"அண்ணை, இவையெல்லாம் ஆர்?"

"தலைவர்மார்."

"எதுக்குத் தலைவர்?"

"அது இடைக்கிடை மாறும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அழுத கண்ணோடு வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு கிழவர் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். தடித்த கண்ணாடி, மழைக்கோட்டு, கையில் பூவோ மாலையோ இல்லை. யோகராசா என்று பிறகு அறிந்தேன். எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருந்தவர். பெட்டியின் அருகே போய், குனிந்து, முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தார்.

"எட சிவா," என்றார். "நீதானோடா."

பேசிக்கொண்டிருந்த தலைவர் நிறுத்தினார். ரஞ்சினி கிட்டப் போனார்.

"நீ மேளோ, பிள்ளை? உன்ர அப்பாவும் நானும் ஜெர்மனியில ஒரே அகதி முகாமில, ஒரே அறை. ரெண்டு பேருக்கும் ஒரு சோடி பனிச் சப்பாத்து. அவன் காலமை வேலை, நான் பின்னேரம். அவன் வந்து கழட்ட, சூடு ஆறாமல் நான் போடுவன். பிறகு என்னை வேற ஊருக்கு மாத்திவிட்டாங்கள். துண்டா விட்டுப்போச்சு."

"அறிவித்தலைப் பாத்தோ மாமா வந்தனீங்கள்?"

"எனக்கு உந்தச் சின்ன எழுத்து, சின்னப் படம் ஒண்டும் தெரியாது. சாவு அறிவித்தல் பக்கம் பாக்கிறதை விட்டு எவ்வளவு காலம். இது பெரிசாக் கிடந்தது. கடையில நிண்டு பாக்கிறன், இவன் என்னைப் பாக்கிறான்."

ரஞ்சினி அவருடைய கையைப் பிடித்துத் தன் பக்கத்தில், குடும்பத்தாருக்கான வரிசையில், இருத்திக்கொண்டார். தலைவர் தன் உரையைத் தொடர்ந்தார். ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் சொன்னபடி செய்தோம். பதினோராம் பக்கம், அரைப்பக்கம், கோணல் கரை கோணலாகவே. தேவன் அதைத் தொடவேயில்லை. தொடமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்தும் தந்தார். கீழே திருத்தக் குறிப்பு. ஓவியக் கூடத்திலிருந்து நன்றி வந்தது. கடைகளிலிருந்து தொலைபேசிகள் வந்தன: ஆர் செத்தது, ஏன் பேர் விடுபட்டுப்போச்சு? ஒரு சங்கத் தலைவர், தனக்கு ஒன்றும் அவசரமில்லை, ஆனாலும் அந்தப் பெட்டியை இப்போதே ஒதுக்கிவைக்க முடியுமா என்று விசாரித்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் யோகராசா எடுத்தார்.

"தம்பி, பதினோராம் பக்கம் பாத்தனான். போன கிழமை சிவா இருந்தவன். இந்தக் கிழமை ஆளைக் காணேல்லை."

"அதுதான் ஐயா சரியான படம். இத்தாலிக்காரர் கீறினது."

"சரியா இருக்கலாம். ஆளைக் காணேல்லை எண்டுதான் சொல்லுறன்."

நான் பக்கத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தேன்.

"ஓம் ஐயா," என்றேன். "காணேல்லைத்தான்."